துணைவர் என்ற சொல்லும் மருத்துவக் காப்பீடும்

நம் சங்கத்தில் எனக்கு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்திருக்கிறது. யாருக்காவது மெடிக்ளெய்ம் பாலிசி வந்தால், அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தை என்னிடம் கொண்டு வந்து நீட்டுவார்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை. பாத்திரக் கடை வைத்திருப்பவன். நாற்பது வருடமாகப் பேரேடும் ஒப்பந்தமும் பார்த்துப் பழகிய கண் என்பதால், பொடி எழுத்தில் எங்கே பணம் ஒளிந்திருக்கிறது என்று ஓரளவு தெரியும். அவ்வளவுதான் என் தகுதி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு வருடத்துக்கு முன் பொங்கல் விழா முடிந்து பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த நேரம். நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த குடும்பத்து அம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"அண்ணே, பையன் அமெரிக்காவுல இருக்கான்ல. அவன் அங்க கல்யாணம் பண்ணிக்கிட்டான்."

"நல்ல விஷயந்தானேம்மா?"

"ஒரு பையனைத்தான் பண்ணிக்கிட்டான். தெலுங்குப் பையன். ரெண்டு வருஷம் நாங்க சரியாப் பேசக்கூட இல்ல. இப்ப அந்தப் பையனுக்குக் குடல்ல ஏதோ நோவு. மாசாமாசம் ஊசி போடணுமாம். ஒரு ஊசி நம்ம ஊர்க் காசுக்கு லட்சக்கணக்குல வருதாம். நம்ம பையன் ஆபீஸ் இன்சூரன்ஸ்லதான் ஓடுது. இவன் வேலைக்கு ஆபத்துன்னு பேசிக்கிறாங்க. வேலை போச்சுன்னா அந்த இன்சூரன்ஸ் என்ன ஆகும்? ரெண்டு பேரும் இங்க வந்துட்டா, இங்க கிடைக்குமா?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. "படிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றேன். உண்மையைச் சொன்னால், பையன் பையனைக் கட்டிக்கொண்டான் என்பதிலேயே என் மனது கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி அது இல்லையே. அவர் கேட்டது மருந்துச் செலவு பற்றி. அந்தக் கேள்விக்குப் படித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நம்மில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். இன்னொரு வீட்டுக்கும் இது உதவலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் வேலை செய்யும் வயதினரில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு முதலாளி மூலமாகத்தான் வருகிறது. எல்லோருக்கும் பொதுவான அரசுக் காப்பீடு கிடையாது. இந்த ஏற்பாடு யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அங்கே சம்பள உயர்வுக்குத் தடை போட்டார்கள். ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள், சம்பளத்தைக் கூட்ட முடியாததால் மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்று ஆசை காட்டின. முதலாளி கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டாம் என்று 1954இன் வரிச் சட்டம் உறுதி செய்தது. போர்க்கால ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது. தொழிலாளியோடு அவர் துணைவரும் பிள்ளைகளும் அதே காப்பீட்டுக்குள் வந்தார்கள்.

ஆக, அங்கே கல்யாணம் என்பது வீட்டு விசேஷம் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக் கதவின் சாவி அதில் இருக்கிறது. 'துணைவர்' என்ற ஒரு சொல்லுக்குள் யார் வருவார், யார் வரமாட்டார் என்பதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருக்கிறது.

1996இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், கூட்டரசின் எந்தக் காரியத்துக்கும் திருமணம் என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே என்று எழுதியது. அப்போது எந்த மாநிலத்திலும் ஒருபால் திருமணம் நடக்கவே இல்லை. வராத விருந்தாளிக்கு வாசலை அடைத்த மாதிரி. 2004 மே மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முதல் திருமணங்கள் நடந்தபோதுதான் சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. மாநிலக் கணக்கில் அவர்கள் தம்பதி. கூட்டரசுக் கணக்கில் அந்நியர். நம் வியாபாரத்தில் இரண்டு பேரேடு வைத்தால் அதிகாரி வந்து பிடிப்பார். அங்கே அரசாங்கமே ஒரே குடும்பத்துக்கு இரண்டு பேரேடு வைத்தது.

இதில் பணம் எப்படிப் போனது என்பதை ஒரு உதாரணக் கணக்கில் சொல்கிறேன். ஒரு கம்பெனி, தன் ஊழியரின் துணைவருக்காக மாதம் 500 டாலர் பிரீமியம் கட்டுகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 6,000. ஆண் பெண் தம்பதியானால் அந்த 6,000 ஊழியரின் வருமானத்தில் சேராது. ஒருபால் தம்பதியானால், கையில் வராத அந்த 6,000 டாலரையும் சம்பளம் வாங்கியதாகக் கணக்கு எழுதி வரி பிடித்தார்கள். அப்போது 25 விழுக்காடு வரி வரம்பில் இருந்தவருக்கு, சம்பளத்திலிருந்து பிடிக்கும் 7.65 விழுக்காடு சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியும் சேர்த்து, ஏறக்குறைய 1,950 டாலர் கூடுதல் செலவு. துணைவருக்காக ஊழியர் தன் கையிலிருந்து கட்டும் பங்கையும் வரி போன மீதியிலிருந்துதான் கட்ட வேண்டும். பக்கத்து மேஜைக்காரருக்கும் இவருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே பாலிசி. ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போவது வேறு.

இதுவும்கூடக் காப்பீடு கிடைத்தவர் கதை. கிடைக்காதவர் நிறையப் பேர். திருமணம் எங்கும் இல்லாத காலத்திலேயே, 1982இல் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை தன் ஊழியர்களின் இணையருக்குக் காப்பீடு கொடுத்தது. 1991இல் லோட்டஸ் என்ற கணினிக் கம்பெனி கொடுத்தது. ஆனால் அது அந்தந்த முதலாளியின் மனசு. கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. வால்மார்ட்டைப் பாருங்கள். அது ஒருபால் துணைவரைத் தன் காப்பீட்டில் சேர்க்கத் தொடங்கியது 2014இல்தான். மாசசூசெட்ஸில் அந்தக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண், சட்டப்படி மணந்த தன் துணைவியைச் சேர்க்கச் சொல்லி வருடா வருடம் கேட்டு மறுக்கப்பட்டார். 2012இல் துணைவிக்குப் புற்றுநோய் வந்தது. கடன் 1,50,000 டாலருக்கு ஏறியது. 2015இல் வழக்குப் போட்டார். 2011 முதல் 2013 வரை இப்படி மறுக்கப்பட்டவர்களுக்காக 75 லட்சம் டாலர் தருவதாக 2016 கடைசியில் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. அதற்குள் அந்தத் துணைவி இறந்துபோயிருந்தார். நோய் சமரசத் தேதி பார்த்து வருவதில்லை.

கூட்டரசின் இரண்டாம் பேரேட்டைக் கிழித்தது எடித் விண்ட்சர் என்ற மூதாட்டியின் வழக்கு. வேடிக்கை என்னவென்றால் அது காப்பீட்டு வழக்கே இல்லை, வாரிசுச் சொத்து வரி வழக்கு. தியா ஸ்பையர் என்பவரோடு நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து, 2007இல் கனடாவின் டொராண்டோவில் மணந்துகொண்டார். 2009இல் ஸ்பையர் இறந்தார். மனைவி என்றால் வரி இல்லை. 'நீங்கள் மனைவி இல்லை' என்று 3,63,053 டாலர் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டு வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் 1996இன் சட்டத்தின் அந்தப் பிரிவு செல்லாது என்றது. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 29 அன்று, வருமான வரித் துறை ஒரு தீர்மானம் வெளியிட்டது. திருமணம் நடந்த இடத்தில் அது செல்லும் என்றால் போதும், இப்போது குடியிருக்கும் மாநிலம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வரிக்கு அவர்கள் தம்பதிதான். காப்பீட்டுக்காகக் கூடுதலாகப் பிடித்த வரியையும், காலவரம்பு தாண்டாத வருடங்களுக்கு, பொதுவாக மூன்று வருடம், திரும்பக் கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து போனவர்களுக்கும் இதே தீர்ப்புதான் வழி திறந்தது. எச்-1பி விசாவில் இருப்பவரின் ஒருபால் துணைவர் எச்-4 விசாவில் சேரலாம் என்பது 2013க்குப் பிறகு வந்த நிலை. நான் சொன்ன அம்மாவின் மகன் வீட்டில் ஒரே காப்பீட்டு அட்டை இரண்டு பெயரில் இருப்பதற்கு ஆதாரம் இதுதான்.

ஆனால் வரி போனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. இங்கே பொடி எழுத்து வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் முதலாளி காப்பீடு தருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காப்பீட்டுக் கம்பெனியிடம் பாலிசி வாங்கிக் கொடுப்பது. இன்னொன்று, பெரிய முதலாளிகள் செய்வது. காப்பீட்டுக் கம்பெனி கணக்கு மட்டும் பார்க்கும், அட்டை அச்சிட்டுக் கொடுக்கும், ஆஸ்பத்திரி பில்லுக்குப் பணம் முதலாளியின் சொந்தக் கல்லாவிலிருந்து போகும். ஊழியர் கையில் இருக்கும் அட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதலாளி மூலம் காப்பீடு பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த இரண்டாம் வகைதான்.

முதல் வகைக்கு 2014 மார்ச்சில் கூட்டரசு ஒரு விதி விளக்கம் கொடுத்தது. ஆண் பெண் தம்பதிக்குத் துணைவர் காப்பீடு விற்கும் கம்பெனி, 2015 முதல் ஒருபால் தம்பதிக்கு அதை மறுக்கக் கூடாது. இரண்டாம் வகைக்கு அந்த விளக்கம் போய்ச் சேரவில்லை. 1974இன் ஏரிசா என்ற சட்டம் அவ்வகைத் திட்டங்களை மாநிலக் காப்பீட்டுச் சட்டங்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. அதே ஏரிசா, துணைவருக்குக் காப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒருபால் திருமணம் முழுச் சட்டமாக இருந்த 2014இல், அங்கே ஒரு மருத்துவமனை தன் ஊழியரின் ஒருபால் துணைவரைத் திட்டத்தில் சேர்க்க மறுத்தது. கூட்டரசு நீதிமன்றம் ஊழியரின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. திருமணம் செல்லும், ஆனால் காப்பீடு கிடையாது. சட்டத்துக்குள் இப்படியும் ஒரு சந்து உண்டு என்பதைப் படித்தபோது, நம் ஊர்ப் பாலிசிக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்ற என் எண்ணம் மாறிவிட்டது.

2015 ஜூன் 26 அன்று வந்த ஓபர்கெஃபெல் தீர்ப்பு, நாடு முழுக்க ஒருபால் திருமணத்தை எல்லா மாநிலமும் நடத்தவும் ஏற்கவும் வேண்டும் என்றது. அந்த வழக்கின் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நோயாளித் துணைவரைச் சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் பால்டிமோர் விமான நிலையத்திலேயே தாலி, இல்லை, மோதிரம் மாற்றிக்கொண்டவர். இறப்புச் சான்றிதழில் துணைவர் என்று தன் பெயர் வர வேண்டும் என்பதற்காக வழக்குப் போட்டார்.

அந்தத் தீர்ப்பு மாநில அரசுகளைக் கட்டியது. தனியார் முதலாளியை நேராகக் கட்டவில்லை. அந்தச் சந்தை அடைத்தது, என் கணக்குப்படி, 2020 ஜூன் 15 அன்று வந்த பாஸ்டாக் தீர்ப்பு. வேலையில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற 1964இன் சட்டம், ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களையும் காக்கும் என்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று சொன்னது. சம்பளத்தில் பாகுபாடு கூடாது என்றால், சம்பளத்தின் ஒரு பகுதியான காப்பீட்டிலும் கூடாது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஆண் பெண் தம்பதிக்குக் கொடுத்து இவர்களுக்கு மறுத்தால் இப்போது வழக்கில் நிற்பது கடினம். மத நிறுவனங்களின் விஷயத்தை மட்டும் அந்தத் தீர்ப்பே பிறகு பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறது.

ஒரு எதிர்பாராத விளைவும் உண்டு. முன்பு திருமணம் செய்ய முடியாததால் 'இணையர்' என்ற பெயரில் காப்பீடு கொடுத்துவந்த சில கம்பெனிகள், இப்போதுதான் திருமணம் செய்யலாமே என்று அந்தச் சலுகையை நிறுத்திக்கொண்டன. மணக்காமல் சேர்ந்திருந்தவர்கள் காப்பீட்டுக்காக அவசரமாகப் பதிவு செய்ய ஓடினார்கள்.

2022இல் வேறொரு வழக்கில், இந்தத் தீர்ப்புகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு நீதிபதி எழுதியதும் பயம் கிளம்பியது. அந்த வருடம் டிசம்பர் 13 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம், ஒரு மாநிலத்தில் முறையாக நடந்த திருமணத்தைக் கூட்டரசும் மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று எழுத்தில் வைத்தது. 2025 நவம்பரில் ஓபர்கெஃபெல் தீர்ப்பை மாற்றக் கேட்டு வந்த மனுவையும் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி அந்த அம்மாவின் முதல் கேள்வி. வேலை போனால்?

20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனமானால், 1986இல் வந்த கோப்ரா என்ற சட்டப்படி அதே காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் முதலாளியின் பங்கையும் தானே கட்ட வேண்டும், மொத்தப் பிரீமியத்தில் 102 விழுக்காடு வரை. அந்த 2 நிர்வாகச் செலவாம். இதில் முக்கியமானது, துணைவருக்கு அந்த உரிமை தன் பெயரிலேயே தனியாக உண்டு. மணக்காத இணையருக்குச் சட்டப்படி அது கிடையாது. மகனும் அந்தப் பையனும் பதிவு செய்த தம்பதி என்பதால் தப்பித்தார்கள். இன்னொரு வழி, 2014 முதல் அங்கே இருக்கும் காப்பீட்டுச் சந்தை. வேலைக் காப்பீடு போன 60 நாளுக்குள் அதில் புதுப் பாலிசி எடுக்கலாம், ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி மறுக்க முடியாது. ஆனால் எச்-1பிக்காரருக்கு வேலை போனால் நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை அல்லது வேறு வழி. காப்பீட்டுக் கணக்கும் விசாக் கணக்கும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் இது. கணவரானாலும் மனைவியானாலும் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம்.

நோயாளித் துணைவரைப் பார்த்துக்கொள்ளத் தகுதியுள்ள ஊழியர் வருடத்துக்கு 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம், வேலை போகாது. இதையும் மகனுக்கு எழுதி அனுப்பச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்குச் சங்கடம். இங்கே வந்துவிட்டால்?

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் செய்யும் அடிப்படை உரிமை என்று ஒன்று இல்லை, சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின. ஆகவே அங்கே சட்டப்படி தம்பதியாக விமானம் ஏறும் இருவர், இங்கே இறங்கும்போது சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி ஆட்கள். குடும்ப மெடிக்ளெய்ம் படிவத்தில் கணவன் அல்லது மனைவி என்ற கட்டம் இருக்கிறது. அதில் இந்தப் பெயரை எழுத வழியில்லை. வருமான வரியில் பிரீமியத்துக்குக் கிடைக்கும் கழிவும் தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு என்றுதான் ஓடுகிறது. அமெரிக்கா 2013இல் கிழித்த அந்த இரண்டாம் பேரேட்டை நாம் இன்னும் வைத்திருக்கிறோம் என்பது என் கருத்து. வேறு கருத்து உள்ளவர்கள் மன்னிக்கவும்.

ஆனால் முழுதும் இருட்டு என்று சொல்ல மாட்டேன். 2023 தீர்ப்பை ஒட்டி 2024இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்த வருடம் ஆகஸ்டில், இவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடவும் தடை இல்லை என்று நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம் என்றும் வந்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழியல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் உண்டு என்று எழுதியது. இவற்றில் எதுவும் காப்பீட்டுப் படிவத்தின் கட்டத்தை மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாறியது வேலையிடக் குழுக் காப்பீட்டில்தான். அங்கே 'குடும்பம்' யார் என்பது முதலாளியும் காப்பீட்டுக் கம்பெனியும் பேசி எழுதும் ஒப்பந்தம். ஆக்சிஸ் வங்கி 2021 செப்டம்பரில், ஊழியர்கள் பால், திருமண நிலை எதுவும் பாராமல் தங்கள் இணையரை மெடிக்ளெய்மில் சேர்க்கலாம் என்று அறிவித்தது. டாடா ஸ்டீல் 2019இலேயே இணையருக்குச் சலுகைகளைத் திறந்தது. ஆகவே திரும்பி வருவதானால், சம்பளம் பேசும்போதே குழுப் பாலிசியில் குடும்பம் என்பதற்கு என்ன பொருள் எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கச் சொன்னேன். அதோடு, இருவரும் தனித்தனிப் பாலிசியும் எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். எப்போது தொடங்குகிறோமோ அன்றிலிருந்துதான் அது ஓடும். நோயை மறைத்து எழுதவே கூடாது. மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதுவே கத்தியாகத் திரும்பும்.

இதையெல்லாம் நாலு பக்கம் தமிழில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மகன் வேலை இதுவரை போகவில்லை. ஊசி மாதாமாதம் நடக்கிறது. போன தீபாவளிக்குப் பார்த்தபோது, "அந்தப் பையன் போன்ல பேசினான் அண்ணே, நீங்க எழுதினதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொன்னான், இவன் வாசிச்சானாம்" என்றார்.

என் கடையில் 14 பேர் வேலை பார்க்கிறார்கள், குழுப் பாலிசி உண்டு. இவ்வளவு படித்த பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதம்தான், ஆனால் குடும்பம் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று நானே படித்ததில்லை. "இணையர்னு போட முடியுமா?" என்று முகவரைக் கேட்டேன். "யாருக்கு சார் வேணும்?" என்றார். "இப்ப யாருக்கும் இல்ல" என்றேன். "எழுதிக் கொடுங்க, கம்பெனியில கேட்டுச் சொல்றேன்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதுப்பிக்கும் தேதி ஏப்ரலில் வருகிறது.